ஐஸ் மேல் கால் வைக்கும் முன்: கம்பியா, ஆகரா, டிரில்லா?

உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ஓட்டை போட ஆகர், அதாவது சுற்றிச் சுற்றி ஐஸைத் துளைக்கிற பெரிய திருகுக் கருவி, எப்படியும் வேண்டும். அதை வைத்தே ஐஸின் தடிமனையும் பார்த்துவிடலாம். அப்படியிருக்க, ஸ்பட் பார் என்கிற கனமான இரும்புக் கம்பியைத் தனியாக ஏன் சுமக்க வேண்டும்? சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்விடுவார்கள்: ஏரி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் போன வழியிலேயே போனால் இரண்டுமே வேண்டாமே?

இந்த வழிகளையும், இவற்றுக்கு நடுவில் வருகிற வேறு இரண்டு மாற்றுகளையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகர், நீங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிற ஐஸை அளக்கிறது. கம்பி, நீங்கள் அடுத்து நிற்கப்போகிற ஐஸைச் சோதிக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் முதலில் வாங்க முடியும் என்றால் நான் கம்பியைத்தான் சொல்வேன். ஆனால் கம்பி தடுமாறுகிற இடங்களும் உண்டு, அவற்றை மறைத்துவிட்டு அதைப் புகழ்வதில் பயனில்லை.

## முதலில், எவ்வளவு ஐஸ் போதும்?

அளவு தெரியாமல் கருவியை ஒப்பிட முடியாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை, நடந்து போகத் தெளிந்த புது ஐஸ் குறைந்தது 4 அங்குலம், அதாவது சுமார் 10 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது. பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலம். கனடா செஞ்சிலுவைச் சங்கம் இன்னும் கறார்: தனி ஆள் நடக்க 15 செ.மீ., கூட்டமாகச் சறுக்க 20, ஸ்னோமொபைலுக்கு 25. இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டால், புதியவர்கள் கனடாக் கணக்கையே பிடித்துக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் 5 செ.மீ. வெறும் அலங்காரம் இல்லை.

ஏன் என்றால், ஐஸ் தாங்கும் எடை தடிமனுக்கு நேராகக் கூடுவதில்லை, தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் இருந்த லோர்ன் கோல்ட் 1971-இல் வெளியிட்ட வாய்ப்பாடுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. செ.மீ. கணக்கில் தடிமனை அதே எண்ணால் பெருக்கி, அதை 3.5-ஆல் பெருக்கினால், எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளத்தக்க எடை கிலோவில் கிடைக்கும். 10 செ.மீ.க்கு 350 கிலோ. 5 செ.மீ.க்கு? பாதி என்று தோன்றும், வருவது 87.5 கிலோதான். குளிர் உடை, பூட்ஸ், முதுகுப் பை, ஆகர் எல்லாம் சேர்ந்த ஒரு சராசரி ஆளின் எடை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். காலடியில் ஐஸ் பாதியாக மெலிந்தால் தாங்கும் திறன் கால்வாசியாகிறது. ஒரு இடத்தில் 12 செ.மீ. இருந்தது என்பதை நம்பி நூறு அடி தள்ளி நிற்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இந்த எண்கள் எல்லாம் தெளிந்த ஐஸுக்குத்தான். கருத்தோ நீலம் பாய்ந்தோ, அடியில் தண்ணீரின் இருட்டு தெரிகிற மாதிரி இருப்பது அதுதான். பனி விழுந்து அதன் மேல் தண்ணீர் ஏறி உறைந்த வெள்ளை ஐஸில் காற்றுக்குமிழ்கள் நிறைய; அதைப் பாதிக் கணக்கில்தான் எடுக்க வேண்டும். மேலே 6 செ.மீ. வெள்ளை, கீழே 8 செ.மீ. தெளிவு என்றால், உங்களுக்குக் கிடைப்பது 14 இல்லை, 11.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, சோதனை நடக்கும்போது உங்கள் எடை எங்கே இருக்கிறது என்பது. சோதிக்கப்படும் இடத்தின் மேலேயா, அதற்குப் பின்னாலா? அடுத்தது, போகிற வழியில் எத்தனை இடங்களை உண்மையிலேயே சோதிப்பீர்கள் என்பது. கொள்கையளவில் எத்தனை முடியும் என்று நான் கேட்கவில்லை. கைவிரல் மரத்துப்போய், மீன் கடிக்கும் நேரம் நழுவுகிறதே என்ற பரபரப்பில் இருக்கும்போது எத்தனை தடவை செய்வீர்கள்?

அப்புறம், கருவி ஒரு எண்ணைத் தருகிறதா, "போகலாம், போகாதே" என்று மட்டும் சொல்கிறதா? ஐஸின் தரத்தை, அடுக்குகளை, இளக்கத்தைக் காட்டுகிறதா? கடைசியாக, எடை, களைப்பு, பராமரிப்பு, காயம் என்று வாங்கும்போது யாரும் சொல்லாத செலவுகள். இதில் முதல் கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும் சேர்த்த அளவு எடை கொடுக்கிறேன்.

## ஸ்பட் பார்

ஏறக்குறைய நம் கடப்பாரைதான். நாலு முதல் ஐந்தடி நீளம், மூன்று முதல் ஐந்து கிலோ எடை, ஒரு முனையில் உளி போன்ற வாய், மறு முனையில் கைப்பிடியும் மணிக்கட்டில் மாட்டும் வாரும். பயன்படுத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

கரையில் நின்றபடியே முதல் அடி. கையை முன்னால் நீட்டி, ஓர் எட்டு தள்ளி, கம்பியைச் செங்குத்தாகத் தூக்கி அதன் எடையோடு விட வேண்டும். ஓங்கி எறியவும் கூடாது, தட்டிப் பார்க்கவும் கூடாது. கம்பி விழும்போது உடம்பு அதோடு முன்னால் சாயவே கூடாது. உடைகிற இடத்தில் கம்பியோடு நீங்களும் போய்ச் சேருவீர்கள். அதே இடத்தில் இரண்டு மூன்று அடி. இடது வலது பக்கங்களிலும் ஒவ்வொன்று. அப்புறம் ஓர் எட்டு. மறுபடி அடி.

நல்ல ஐஸில் அடி விழுந்தால் கெட்டியான, கணீரென்ற சத்தம் வரும். வெள்ளையாக ஒரு பூப்போலச் சிதறி, உலர்ந்த தூள் தெறிக்கும். மெலிந்த ஐஸில் சத்தம் மாறும், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலத் தொம்மென்று கேட்கும். குழியின் ஓரத்தில் ஈரம் கசியும். ஒரே அடியில் தண்ணீர் மேலே வந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. திரும்ப வேண்டும், வந்த காலடிகளிலேயே, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி. சத்தம் மட்டும் மாறி, தண்ணீர் வரவில்லை என்றாலும் நின்று, அளந்து பார்த்துத்தான் நகர வேண்டும். புதியவர்கள் குழப்பிக்கொள்கிற இன்னொரு சத்தம் உண்டு: தூரத்தில் ஏரி முழுக்க ஓடுகிற உறுமலும் வெடிப்பும். ஐஸ் குளிரில் சுருங்கும்போதும் விரியும்போதும் அப்படித்தான் கத்தும்; அதுவே ஆபத்தின் அடையாளம் இல்லை. காலுக்கு நேர் கீழே ஐஸ் இறங்கி, விரிசல்கள் வட்டமாகப் பரவினால்தான் ஆபத்து.

"மூன்று அடி தாங்கினால் பத்து செ.மீ." என்கிற மாதிரிக் கணக்குகளைப் பலர் சொல்வார்கள். அப்படிப் பொதுக்கணக்கு எதுவும் கிடையாது. கம்பியின் எடை, முனையின் வடிவம், அடிக்கிற கையின் வலு, அன்றைய ஐஸின் குளிர் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். மூன்று கிலோ கம்பிக்கும் ஐந்து கிலோ கம்பிக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? இதற்குச் சுலபமான வழி, முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீர் இல்லாத கரையோரத்தில் ஓட்டை வெட்டி, அளவுநாடாவின் கொக்கியை ஐஸின் அடி விளிம்பில் மாட்டித் தடிமனைப் பார்ப்பது. பக்கத்திலேயே வழக்கமான விசையோடு அடித்து, எத்தனையாவது அடியில் தண்ணீர் வருகிறது என்று எண்ணுங்கள். அதுதான் அன்றைக்கு, அந்தக் கம்பிக்கு, உங்கள் கைக்கு உரிய கணக்கு. கம்பியின் அடிப்பகுதியில் 5, 10, 15 செ.மீ. உயரங்களில் நிறநாடா சுற்றிவைத்தால் குழியின் ஆழமும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

முதல் கேள்வியில் கம்பிக்கு முழு மதிப்பெண். அடி விழுகிற இடத்தில் நீங்கள் இல்லை. இரண்டாவதிலும் அப்படியே: நடக்கிற நடையோடு சேர்ந்துவிடுவதால், ஒரு நடையில் பல நூறு இடங்கள் தானாகவே சோதிக்கப்பட்டுவிடும். மூன்றாவதில் தோற்றுவிடுகிறது, கம்பி எண் தராது, ஓட்டையைப் பெரிதாக்கி நாடா விட்டால்தான் உண்டு.

மறைந்திருக்கும் செலவு. முதலில் தோள். பழக்கமில்லாதவர்களுக்கு அரை மைல் போவதற்குள் கை கழன்றுவிடும், கை கழன்றதும் அடியின் விசை குறையும். விசை குறைந்த அடி மெல்லிய ஐஸையும் நல்ல ஐஸ் என்று காட்டிவிடும். அதனால் அளவுக்கு மீறி கனமான கம்பியை வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை; அன்று மாலைவரை அதே விசையில் விடக்கூடிய எடைதான் சரியான எடை. அடுத்து, வார். அது இல்லாவிட்டால் ஒரு நாள் கம்பி ஓட்டை வழியாக நேரே ஏரியின் அடிக்குப் போய்விடும். ஆனால் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினால், நீங்கள் விழும்போது அதே எடை உங்களைக் கீழே இழுக்கும். கையை உதறினால் கழன்றுவிடுகிற மாதிரித் தளர்வாக மாட்டுங்கள். முனைக்கு உறை கட்டாயம். வண்டியில் உருளும் கம்பி சீட்டையும் கிழிக்கும், காலையும் கிழிக்கும். இன்னொன்று: ஆழமில்லாத இடத்தில், பனி மூடாத தெளிந்த ஐஸில், இந்தக் கும்மாங்குத்து மீன்களைக் கலைத்துவிடும். மீன்பிடிக்கும் இடத்தை நெருங்கும்போது பலர் அடிப்பதை நிறுத்திவிடுவதற்கு இதுதான் காரணம். அந்தச் சலுகையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தடுமாறும் இடங்கள். ஒரு முழம் பனி மூடிக் கிடந்தால் ஒவ்வோர் அடிக்கும் முன் பனியை ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் பனியே அடியை உறிஞ்சிவிடும். பனிக்குக் கீழே கூழ்மாதிரி ஈரப்பனி இருந்தால் சத்தமே வராது. நடுக்குளிர்காலத்தில் ஐஸ் முப்பது, நாற்பது செ.மீ. தடித்துவிட்டால் எங்கே அடித்தாலும் ஒரே பதில்தான். அப்போதும் நீரோட்டம், விரிசல் பகுதிகளுக்கு அது தேவைப்படும், ஆனால் அடிக்கு அடி என்பது பொறுமையைச் சோதிக்கும்.

## கையால் சுற்றும் ஆகர்

மீன் பிடிக்கவே வாங்குவது என்பதால் தனிச் செலவு இல்லை. இதுதான் அதன் பெரிய கவர்ச்சி. தருகிற பதிலும் துல்லியமானது. ஓட்டை விழுந்ததும் நாடாவை விட்டால் தடிமன் மில்லிமீட்டர் கணக்கில் தெரிகிறது. ஓட்டையின் சுவரைப் பார்த்தால் வெள்ளை எங்கே முடிகிறது, தெளிவு எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியும். கம்பி சொல்லாத இன்னொன்றையும் ஆகர் சொல்லும்: சுற்றிக்கொண்டே வரும்போது நடுவில் திடீரென எதிர்ப்பு இல்லாமல் இறங்கி, ஈரத்தூள் மேலே வந்து, மறுபடி கெட்டியாகப் பிடித்தால், இரண்டு ஐஸ் தட்டுகளுக்கு நடுவே தண்ணீரோ கூழோ இருக்கிறது என்று பொருள். அப்போது இரண்டு தட்டுகளின் தடிமனையும் கூட்டிக்கொள்ளக் கூடாது. தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதவரை அவை சேர்ந்து எடை தாங்குவதில்லை.

பிரச்சினை முதல் கேள்வியில் வருகிறது. ஆகரைச் சுற்ற அதன் மேல் குனிந்து, கால்களை அகட்டி, உடம்பின் எடையைக் கீழே அழுத்த வேண்டும். ஐஸ் மெலிந்திருக்கிறது என்ற செய்தி வரும்போது நீங்கள் அதன் நட்டநடுவில் இருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியிலும் இதே சங்கடம். மினசோட்டா துறை 150 அடிக்கு ஒரு முறையாவது தடிமனைப் பார்க்கச் சொல்கிறது. தடித்த, ஒரே சீரான ஐஸில் அது சரிதான். பருவத் தொடக்கத்திலோ, ஊற்று இருக்கிற ஏரியிலோ, 150 அடிக்குள் 12 செ.மீ. 4 செ.மீ.யாகிவிடலாம். அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் நினைப்போம். குளிரில் ஒவ்வொரு ஓட்டைக்கும் பையை இறக்கி, உறையைக் கழற்றி, சுற்றி, அளந்து, மறுபடி மாட்டிக் கிளம்புவதற்குள் சலித்துவிடும். நாலைந்து ஓட்டைக்கு மேல் யாரும் போடுவதில்லை என்பதே நடைமுறை.

மறைந்திருக்கும் செலவு. பிளேடு. கரையோர மணல் ஒரு தடவை பட்டாலே கூர் போய்விடும். கரைப்பக்கம் சோதிக்கும்போதுதான் மணல் அதிகம், ஆக சோதனைக்கே பயன்படுத்தினால் மீன்பிடிக்கும்போது மழுங்கின பிளேடோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்புறம், நடைபாதையில் விட்டுப்போகும் அகலமான ஓட்டைகள். அவை மெல்ல உறைந்து, மேலே பனி மூடி, பின்னால் வருகிறவர் காலை விடுகிற பொறியாகும். கம்பி போடும் குழி அவ்வளவு பெரிதில்லை.

மோட்டார் ஆகர் வைத்திருப்பவர்களுக்கும் இதே தீர்ப்புதான், எடை இன்னும் கூடுதல். தடித்த ஐஸில் வேகம் மட்டும் லாபம்.

## பேட்டரி டிரில், நீள மரத்துளை பிட்

கம்பிக்கும் ஆகருக்கும் நடுவில் ஒரு நல்ல சமரசம். வீட்டில் இருக்கிற டிரில்லில், எட்டில் ஐந்து பங்கு (5/8) அங்குலத் தடிமனுள்ள நீளமான மரத்துளை பிட்டை மாட்டினால் போதும். மினசோட்டா துறையும் இந்த முறையைச் சொல்கிறது. நொடிகளில் துளை விழுந்துவிடும், நாடாவை விட்டு அளக்கலாம். ஓட்டை சின்னது என்பதால் யார் காலும் சிக்காது.

டிரில் வைத்திருந்தால் நிறைய இடங்களில் துளைப்பீர்கள். இரண்டாவது கேள்வியில் ஆகரைவிட இது பல மடங்கு மேல். ஆனால் முதல் கேள்வியில் அதே குறை: குனிந்து, கையெட்டும் தூரத்தில் துளைக்கிறீர்கள். கொஞ்சம் முன்னால் நீட்டித் துளைக்கலாம், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு. கடுங்குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். கோட்டுக்குள் உடம்புச் சூட்டில் வைத்து, துளைக்கும்போது மட்டும் மாட்ட வேண்டும். பிட்டை ஓட்டைக்குள் நிறுத்தினால் தூள் உறைந்து இறுகிக்கொள்ளும். சுழன்றுகொண்டே உள்ளே போய், சுழன்றுகொண்டே வெளியே வர வேண்டும். ஈரப்பனியில் டிரில்லைக் கீழே வைத்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

ஸ்னோமொபைலில் போகிறவர்களுக்கு மட்டும் இதை முதல் இடத்தில் வைப்பேன். வண்டியில் உட்கார்ந்துகொண்டு கம்பியால் அடிக்க முடியாது. அவர்களுக்கு வேண்டியதும் எண்தான், "நடக்கலாம்" என்ற பதில் இல்லை.

## நார்டிக் சறுக்கர்களின் கூர்முனைக் கோல்

சுவீடன், பின்லாந்து, நார்வே பக்கம் நீண்டதூரம் சறுக்குகிறவர்கள் கையில் இருக்கும் மெல்லிய கோல். எடை மிகக் குறைவு, முனையில் எஃகுக் கூர். நடப்பதற்கு ஊன்றுகோலாகவும் ஆகிறது. பழகினவர்கள் ஒரே குத்தில் ஐஸ் தாங்குமா என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் விஷயம்: கோலின் எடை உதவாததால் எல்லாம் கையின் உணர்வில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். தோள்வலி உள்ள, ஆனால் பல பருவங்கள் ஐஸில் கழித்த ஒருவருக்கு இதுவே நல்ல தேர்வாக இருக்கலாம்.

## மற்றவர்களின் கால்தடம்

கருவி இல்லை, எடை இல்லை, செலவும் இல்லை. அதனால்தான் எல்லோரையும்விட இதற்குத்தான் ஆதரவாளர்கள் அதிகம். தடம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: எப்போதோ ஒருவர் அந்த வழியாகப் போனார். எவ்வளவு எடையோடு, எத்தனை நாள் முன்னால், அதற்குப் பிறகு மழை பெய்ததா, எதுவும் அதில் எழுதியிருக்காது. ஸ்னோமொபைல் தடம் இன்னும் மோசமான சாட்சி. ஓடுகிற வண்டியின் பட்டை எடையைப் பரப்பிக்கொண்டு போய்விடும், நிற்கிற மனிதக் கால் அப்படிப் பரப்பாது.

ஒரு விசித்திரமும் உண்டு. மிதிபட்டு இறுகின பனி குளிரை உள்ளே விடுவதால், நடுக்குளிர்காலத்தில் தடத்துக்குக் கீழே ஐஸ் சுற்றியுள்ளதைவிடத் தடித்திருக்கலாம். அப்போது தடத்தைவிட்டு இரண்டடி விலகுவதுதான் ஆபத்து. வசந்தம் வந்ததும் அதே தடம் அழுக்காக, கருத்து, வெயிலை உறிஞ்சி முதலில் இளகும். ஆக, வழியைத் தேர்ந்தெடுக்கத் தடத்தைப் பாருங்கள், நம்புவதற்குக் கம்பியை வைத்துக்கொள்ளுங்கள்.

## பக்கம் பக்கமாக

| | ஸ்பட் பார் | கை ஆகர் | டிரில் | நார்டிக் கோல் | கால்தடம் |
|---|---|---|---|---|---|
| சோதனையின்போது நீங்கள் | பின்னால் | மேலேயே | கையெட்டும் தூரத்தில் | பின்னால் | மேலேயே |
| சோதிக்கும் இடங்கள் | ஒவ்வோர் எட்டும் | சில மட்டும் | நிறைய | ஒவ்வோர் எட்டும் | ஒன்றுமில்லை |
| தடிமன் எண் | நேரடியாக இல்லை | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |
| அடுக்கு, தரம் | இளக்கம் தெரியும் | அடுக்கு தெளிவாகத் தெரியும் | ஓரளவு | பழகினவருக்கு | இல்லை |
| பெரிய குறை | தோள், ஆழமான பனி | பிளேடு, சலிப்பு | பேட்டரி, ஈரம் | பழக்கம் வேண்டும் | எப்போதைய தடம் தெரியாது |

## உங்கள் நிலை எது?

பருவத்தின் முதல் ஐஸ். கம்பி, வேறு பேச்சே இல்லை. இந்த நாட்களில் இடத்துக்கு இடம் தடிமன் மாறும், பனி மூடாததால் அடியின் சத்தமும் தெளிவு. முன்னால் போகிறவர் கம்பியோடு, பின்னால் வருகிறவர் கயிற்றோடு, நடுவில் நல்ல இடைவெளி. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று, சின்ன ஓட்டை வெட்டி நாடாவால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நடுக்குளிர்காலம், தெரிந்த ஏரி. டிரில்லோ ஆகரோ போதும், கூடக் கம்பி இருந்தால் நல்லது. ஓடை கலக்கும் இடம், ஓடை வெளியேறும் இடம், குறுகிய கழுத்து, பாலத்தூண், படகுத்துறை, நாணல் புதர், நீரில் காற்றேற்றும் கருவி இருக்கும் இடம், அழுத்தத்தில் ஐஸ் மேடிட்டு மடிந்த வரிசை: இவற்றை நெருங்கினால் மட்டும் கம்பியைக் கையில் எடுங்கள். புதுப்பனி கனமாக விழுந்த மறுநாளும் அப்படியே. பனி போர்வை மாதிரி மூடி ஐஸ் தடிப்பதை நிறுத்துகிறது, எடையால் ஐஸை அழுத்தி விரிசல் வழியாகத் தண்ணீரையும் மேலே ஏற்றுகிறது.

தெரியாத ஏரி, அல்லது இருட்டில் போகிற வழக்கம். கம்பி. நிறத்தைப் பார்த்து ஐஸைக் கணிக்கிற கண் இருட்டில் வேலை செய்யாது. காதும் கையும் செய்யும்.

ஆறு. கம்பி கையில் இருந்தாலும் முடிந்தவரை தவிருங்கள். நீரோட்டம் ஐஸை அடியிலிருந்து அரிப்பதால் எட்டுக்கு எட்டு தடிமன் மாறும். தண்ணீர் மட்டம் இறங்கினால் ஐஸுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெற்றிடம் விழும்; கீழே தாங்க ஒன்றுமில்லாத ஐஸுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.

வசந்தகால ஐஸ். ஆகரை நம்பினால் ஏமாறுகிற பருவம் இதுதான். ஓட்டை போட்டு அளந்தால் முப்பது செ.மீ. காட்டும், மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் வெயில் பட்ட ஐஸ் நெட்டுக்குத்தான படிகக் குச்சிகளாகப் பிரிந்து, குச்சிகளின் நடுவே தண்ணீர் ஊறியிருக்கும். தடிமன் அப்படியே இருக்கும், ஒட்டுதல் போயிருக்கும். கம்பி இதைக் காட்டிக்கொடுக்கும்: கணீர் என்ற சத்தம் இல்லாமல் சரக்கென்று இறங்கும், சிதறல் தூளாக இல்லாமல் குச்சிகுச்சியாக வரும். அப்படி ஒரு தடவை பார்த்தால் அந்தப் பருவத்துக்குத் தூண்டிலை மடித்துவைத்துவிடலாம். எத்தனை செ.மீ. என்ற கேள்விக்கு அப்புறம் அர்த்தமில்லை.

## எந்தக் கருவியும் சொல்லாதது

2009 பிப்ரவரியில் ஈரி ஏரியில், ஒஹாயோ கரைப்பக்கம், பெரிய ஐஸ் தட்டு ஒன்று பிரிந்து காற்றில் நகர்ந்தது. நூறு பேருக்கு மேல் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அதன் மேல் மாட்டிக்கொண்டார்கள். மீட்பு ஹெலிகாப்டர்களும் படகுகளும் வர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். பெரிய ஏரிகளில் காலடி ஐஸ் எவ்வளவு தடித்திருந்தாலும், கரையோடு அது ஒட்டியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் கம்பியில் இல்லை. கரையிலிருந்து ஏரிப்பக்கம் வீசுகிற காற்று, முந்தின சில நாட்களின் வெப்பநிலை, கரைக்கு இணையாக ஓடுகிற விரிசல் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

விழுந்துவிட்டால் என்ன என்பதற்கும் கருவி பதில் சொல்லாது. குளிர்நீரைப் பல காலம் ஆராய்ந்த மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்வது 1-10-1 கணக்கு: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கிற நேரம் 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். பதற்றத்தில் அந்த முதல் நிமிடத்தில்தான் பலர் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். ஆகவே கம்பி வாங்குகிற அன்றே, ஐஸைக் குத்திப் பிடித்து ஏற உதவும் ஆணிப்பிடி ஒரு ஜோடியும் வாங்கிக் கழுத்தில் மாட்டுங்கள். பைக்குள் போட்டால் பிரயோசனமில்லை. மிதவை உடையோ, உடைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டோ கூட இருந்தால் அந்தப் பத்து நிமிடம் உங்களுடையதாகும்.

கடைசியாக, திரும்புகிற வழி. காலையில் போகும்போது அடித்துப் பார்த்துப் போன கரையோர ஐஸ், சாயங்காலம் அதே ஐஸ் இல்லை. வெயில் முதலில் தின்பது கரைப்பக்கத்தைத்தான், வசந்தத்தில் கேட்கவே வேண்டாம். மீன் கிடைத்த குஷியில் கம்பியைச் சறுக்குவண்டியில் கட்டிவைத்து இழுத்துக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்க்கலாம். வண்டியில் ஆகரையும் மீனையும் வையுங்கள், கம்பி கரை ஏறும்வரை கையிலேயே இருக்கட்டும்.